உப்பின் மேல் போட்ட பழி

தங்கம் மாதிரி ஒன்றிரண்டை விட்டால், துருப்பிடிக்காத உலோகம் என்று உலகத்தில் ஒன்று கிடையாது. இதைச் சொன்னால் என் சொந்தக்காரர்களே என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். எவர்சில்வர் குடத்தைத் தட்டிக் காட்டி, "அப்ப இது என்னாவாம்?" என்று கேட்பார்கள். அதுவும் துருப்பிடித்ததுதான். கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய துரு முதல் நாளே அதன் மேல் படர்ந்து, இனி எதையும் உள்ளே விடமாட்டேன் என்று கெட்டியாக உட்கார்ந்துவிட்டது. துருவில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. அனல் புகைக்கு நடுவே சிவக்கச் சிவக்க நிற்கவேண்டிய உலோகத்துக்கு நல்ல துருவை வரவழைப்பதும், அது உரிந்துபோகாமல் பார்த்துக்கொள்வதும்தான் என் வேலை. காரைக்காலில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

இந்த வேலையைப் பற்றிப் பெருமையாக நாலு வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கோபம்தான் வருகிறது. ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டார்கள். அதற்கு நான் உருக்கிய உலோகத்தையே சாட்சிக்கு இழுத்தார்கள். முதலில் அதை எழுதித் தொலைக்கிறேன்.

அம்பகரத்தூர் போகும் சாலையில் ஒரு ரைஸ் மில் இருக்கிறது. அவித்த நெல்லைக் காயவைக்க அங்கே வெயிலை நம்புவதில்லை. உமியை எரித்து, அந்தப் புகையின் சூட்டில் வரிசையாகக் குழாய்களைக் காய்ச்சி, குழாய்களுக்குள் ஓடும் சுத்தமான காற்றைச் சூடாக்கி நெல்லின் மேல் விடுவார்கள். புகை குழாய்க்கு வெளியே, காற்று குழாய்க்கு உள்ளே. இரண்டுக்கும் நடுவில் இருப்பது குழாயின் சுவர் மட்டும்தான். அதில் ஓட்டை விழுந்தால் புகை நெல்லில் ஏறி, அரிசி நாறிப்போகும். சாதாரணக் குழாய்கள் ஒரு பருவத்தைத் தாண்டினாலே அதிசயம். உமிக்குள்ளேயே உப்புச் சத்து இருக்கிறது. கடல் காற்று தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் கொண்டுவந்து சேர்க்கும். இந்தக் குழாய்களுக்காகத்தான் இரும்பும் குரோமியமும் அலுமினியமும் சேர்ந்த ஒரு கலவையை நாங்கள் உருக்கினோம்.

சூடு ஏறியதும் கலவையில் உள்ள அலுமினியம் மேலே வந்து, ஆக்சிஜனோடு சேர்ந்து, பாலாடை போல ஒரு தோலைப் போர்த்திக்கொள்ளும். தோல் இருக்கும்வரை உள்ளே உள்ள உலோகத்துக்கு ஒன்றும் ஆகாது. சிக்கல் எங்கே என்றால், உலை ஆறும்போது உலோகம் சுருங்குகிற அளவுக்கு அந்தத் தோல் சுருங்காது. அப்போது விரிசல் விட்டு உரியும். உரியாமல் பிடித்துவைக்க இட்ரியம் என்று ஒரு பொருளைத் துளியூண்டு சேர்க்க வேண்டும். சாம்பாருக்குப் பெருங்காயம் போடுகிற அளவுதான். போட்டால் தோல் ஒட்டி நிற்கும், போடாவிட்டால் நிற்காது. ஆய்வுக்கூடத்தில் சூடேற்றி, ஆறவிட்டு, மறுபடி சூடேற்றி, சலித்துப்போகும் அளவுக்குப் பார்த்து நாங்களே உறுதிசெய்த விஷயம் இது.

முதல் தடவை உருக்கியபோது இட்ரியம் சேர்த்தோம், பிரமாதமாக வந்தது. மில்லுக்குக் குழாய் செய்வதற்காக இரண்டாவது உருக்குக்குத் தயாரானபோது இட்ரியம் தீர்ந்திருந்தது. வாங்கிவர நாளாகும். எங்கள் ஆய்வுக்கூடத் தலைவருக்கோ பொறுமை இல்லை. டெல்லியிலிருந்து பார்வையிட ஒரு குழு வரவிருந்தது. அவர்கள் வரும்போது மில்லில் எங்கள் குழாய் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

"அது இல்லாமயே போடுங்க. அடுத்த தடவ சேத்துக்கலாம்" என்றார்.

"சார், மில்லுல தெனம் சாயங்காலம் உலைய அணைக்கிறாங்க, காலையில பத்தவைக்கிறாங்க. சூடு ஏறி ஏறி எறங்கும். அது இல்லாம தோலு நிக்காது சார்" என்றேன்.

"என்னம்மா நீங்க, அப்பளம் இல்லன்னு யாராச்சும் பந்திய நிறுத்துவாங்களா?" என்று சிரித்தார்.

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அவர் சிரித்தால் சிரிப்பதற்கென்றே எங்கள் ஆய்வுக்கூடத்தில் சிலர் இருக்கிறார்கள். எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. குழாய்கள் அப்படியே செய்யப்பட்டு மில்லுக்குப் போயின. முதல் உருக்கில் மிஞ்சிய தகடு ஒன்றை வீணாக்க மனமில்லாமல் உலைக் கதவின் உள்பக்கம் பொருத்தச் சொன்னேன். குழு வந்தது, சிவந்து நிற்கும் குழாய்களை எட்டி எட்டிப் பார்த்தது, வடை காபி சாப்பிட்டது, ஆஹா ஓஹோ என்று புகழ்ந்துவிட்டுக் கிளம்பியது.

அந்த உலைக்கு உமி தள்ளும் வேலையில் ஓர் அக்கா இருந்தார். அம்பகரத்தூர்தான் ஊர். மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அவர் ஒருத்தர் சம்பாத்தியத்தில்தான் வீடு ஓடியது. வாய் கொஞ்சம் அதிகம். முதல் நாள் என்னைப் பார்த்ததுமே, "ஏங்கம்மா, இவ்வளவு ஒல்லியா இருக்கீங்களே, இந்த இரும்பையெல்லாம் நீங்களா காச்சுனீங்க?" என்று கேட்டவர். குழு வந்துபோன வாரத்திலிருந்து, வெள்ளிக்கிழமை தோறும் சாயங்காலம் உலையை அணைப்பதற்கு முன்னால், ஒரு கை கல்லுப்பும் நாலு காய்ந்த மிளகாயும் எடுத்து, கதவுக்கு முன்னால் நின்று சுற்றி உள்ளே போட ஆரம்பித்தார்.

"எதுக்குக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எதுக்கா? அத்தன பேரு வந்து வாயப் பொளந்துகிட்டுப் பாத்துட்டுப் போனாங்க. கண்ணு படாம இருக்குமா? உங்க கொழாயிக்குத்தான் சுத்திப் போடுறேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. தப்பாக ஒன்றும் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் அம்மா மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றி ஜெபமாலை சொல்லி முடித்துவிட்டு, அதே கையோடு என் பிள்ளைகளுக்கு உப்பு மிளகாய் சுற்றிப் போடுவார். பங்குச் சாமியார் பிரசங்கத்தில் என்ன சொன்னாலும் அது நிற்காது. இந்தப் பக்கத்தில் எந்த வீட்டில்தான் நிற்கும்?

தை அறுப்பு முடிந்து நெல் வந்து குவிகிற சமயத்தில் மில்லின் அரிசி புகை நாற்றம் அடிக்கத் தொடங்கியது. மூட்டைகள் திரும்பி வந்தன. உலையை ஆறவிட்டுத் திறந்து பார்த்தோம். கடற்கரையோரத்து வீட்டுச் சுவரில் வெள்ளை பொரிந்து உதிருமே, அப்படி உரிந்து கிடந்தது குழாய். தோல் உரிய உரியப் புதுத் தோல் போட அலுமினியம் மேலே வந்துகொண்டே இருந்திருக்கிறது. அது தீர்ந்ததும் வெறும் இரும்பு அனலின் முன்னால் வந்து நின்றிருக்கிறது. பிறகு என்ன, புகை அரித்துத் தின்றுவிட்டது. இரண்டு மூன்று இடங்களில் விரல் போகும் அளவுக்கு ஓட்டை. இது நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். தலைவருக்கும் தெரியும்.

அவர் வந்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குழாய்களைப் பார்த்தார். மில் முதலாளி கையைக் கட்டிக்கொண்டு, பதில் சொல்லுங்கள் என்பது போல நின்றார். தலைவர் சட்டென்று அக்காவின் பக்கம் திரும்பினார்.

"உலையில உமியத் தவிர வேற எதாவது போடுவீங்களா?"

"வேற எதும் போடமாட்டேங்க. வெள்ளிக்கெழம திருஷ்டிக்கு உப்பு மொளகா சுத்திப் போடுவேன், அவ்வளவுதாங்க."

தலைவரின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்கவே மாட்டேன். தேர்வில் விடை தெரியாமல் முழித்தவனுக்குப் பக்கத்துத் தாள் தெரிந்துவிட்டது! "கேட்டீங்களா? குளோரைடு! உப்பு போட்டா எந்த உலோகம் தாங்கும்? இந்த மூடநம்பிக்கையால எங்களோட இத்தன வருஷ உழைப்பும் வீணாப் போச்சு" என்று மில் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். மூட்டை தூக்குகிறவர்கள், லாரிக்காரர்கள், நெல் கொண்டுவந்த விவசாயிகள் எல்லாரும் கேட்டார்கள். அன்றைக்கே அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நான் குறுக்கே பேசப் போனால், "டெக்னிக்கலா அப்பறம் பேசிக்கலாம்மா" என்று கையைக் காட்டிவிட்டுத் தலைவர் காரில் ஏறினார். அந்தக் காரின் முன்பக்கம் கறுப்புக் கயிற்றில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் தொங்கிக்கொண்டிருந்தன.

முழுப் பொய்யாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. உப்பு அந்தத் தோலைக் கெடுக்கும் என்பது உண்மைதான். படிக்க வருகிற பிள்ளைகளுக்கு நானே பாடம் எடுத்த உண்மை. அதை எடுத்து அவர் தன் தப்பை மூட ஒரு துணியாக்கிக்கொண்டார். தினமும் மூட்டை மூட்டையாக எரிகிற உமியில் இல்லாத உப்பா ஒரு பொம்பளையின் கைப்பிடியில் இருக்கிறது? உப்பைத் தாங்கத்தானே ஐயா இந்தக் கலவையையே உருக்கினோம்? கடலோரத்தில், உமிப் புகையில், உப்பைத் தாங்காத உலோகம் எதற்கு? தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திக் கேட்க வேண்டும் போல இருந்தது.

சில வாரம் கழித்து அக்கா என் வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார். பக்கத்தில் உள்ள மில்களிலெல்லாம் வேலை கேட்டுப் பார்த்திருக்கிறார். 'உலையில உப்பப் போட்டு ஓட்ட போட்டவங்களா நீங்க?' என்று கேட்டே அனுப்பிவிட்டார்களாம். மகளின் விடுதியில் கூட இந்தப் பேச்சு போயிருக்கிறது.

"எனக்கு வேல போனது கூடப் பரவால்லம்மா. நெசத்த மட்டும் சொல்லுங்க. நான்தான் கெடுத்தேனா?"

இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நொடி ஆகாது. ஆனால் ஆறுதல் சொல்லி அனுப்புகிற கேள்வி இல்லை அது. இட்ரியம் சேர்க்காததுதான் காரணம் என்று நான் நம்பினேன். நம்புவது வேறு, தெரிவது வேறு. "பாத்துட்டுச் சொல்றேங்க்கா. எதுவா இருந்தாலும் மறைக்காம சொல்றேன்" என்றேன். அவர் அப்புறம்தான் காபியைக் குடித்தார்.

மறுநாள் மில்லுக்குப் போய் உலைக் கதவைத் திறந்தேன். அவர் சுற்றிப் போடும் உப்பு முதலில் விழுகிற இடம் கதவின் அடிப்பக்கம். தெறித்த உப்பெல்லாம் பட்டது நான் பொருத்தச் சொன்ன அந்தத் தகட்டில். முதல் உருக்கு, இட்ரியம் சேர்த்த உருக்கு. கரியைத் துடைத்துவிட்டுச் சாவியால் சுரண்டினேன். சாம்பல் நிறத்தில் வழவழவென்று தோல் அப்படியே இருந்தது. கீறல் கூட விழவில்லை. உப்பு நேராக விழுந்த தகடு கல்லுப் போல இருக்கிறது. உப்பு எட்டாத தூரத்தில், மேலே இருக்கிற குழாய் உரிந்து கிடக்கிறது. இதைப் புரிந்துகொள்ளப் படிப்பு எதற்கு? தலைவரும் அந்தக் கதவைத் தாண்டித்தான் உள்ளே எட்டிப் பார்த்தார்.

அதோடு விடவில்லை. இட்ரியம் சேர்த்த துண்டுகளையும் சேர்க்காத துண்டுகளையும் ஆய்வுக்கூட உலையில் வைத்து, மில்லில் நடப்பது போலவே சூடேற்றி இறக்கினேன். பாதித் துண்டுகளுக்கு உப்பைத் தூவினேன், மீதிக்குத் தூவவில்லை. சேர்க்காத துண்டு உப்பே இல்லாமல் உரிந்தது. சேர்த்த துண்டு உப்போடும் நின்றது. துண்டுகளை ஒரு தட்டில் வைத்துத் தலைவரின் மேசைக்கு எடுத்துப்போனேன்.

பார்த்தார். நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தார். "நல்ல வேல பண்ணியிருக்கீங்க. அடுத்த உருக்குல இட்ரியம் கண்டிப்பா சேத்துடலாம்."

"அந்த அக்கா விஷயம் சார்?"

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்? உப்பு போடக் கூடாதுன்னு சொன்னது தப்பா?"

பாருங்கள், எவ்வளவு லாவகம்! சம்பந்தம் உண்டாக்கியது அவர். சம்பந்தம் இல்லை என்று சொல்வதும் அவர். மில் முதலாளியிடம் போனேன். அவர் மழுப்பக் கூட இல்லை.

"எனக்கும் தெரியுது மேடம். ஆனா உங்க பெரிய சார் புதுக் கொழா போட்டுத் தர்றேங்கிறாரு. இந்த நேரத்துல அவரப் பகைச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?"

அக்காவைத் தேடிப் போய், "நீங்க கெடுக்கலக்கா. நாங்கதான் சேக்க வேண்டியதச் சேக்காம விட்டோம்" என்றேன். அவர், "அப்ப இத அவரு சொல்லட்டும். எல்லாருக்கும் கேக்க அவர்தானே அன்னைக்குச் சொன்னாரு" என்றார். அதில் என்ன தப்பு? பழி சொல்ல மட்டும் ஊரைக் கூட்டுவது, திருத்த மட்டும் ஆளைத் தனியாகக் கூப்பிடுவது என்றால் என்ன நியாயம்?

இந்தத் தடவை இட்ரியம் சேர்த்துப் புதுக் குழாய்கள் வந்தன. பொருத்தினோம். பற்றவைக்கும் நாளில் மறுபடி விருந்தாளிகள், சால்வை, கேமரா. அக்காவுக்குப் பதிலாக வைத்த ஆட்கள் யாரும் நிலைக்கவில்லை என்று முதலாளி அவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்: வேலைக்கு வரட்டும், உப்பு மட்டும் போட வேண்டாம்.

அக்கா வந்தார். ஆனால் மில் வாசலோடு நின்றுவிட்டார். தலைவரின் கார் வந்து நின்றதும் நான் அவரிடம் போனேன்.

"சார், அவங்க உங்களுக்காகத்தான் நிக்கிறாங்க. தப்பு அவங்க மேல இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க."

அவர் அக்காவைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "அதெல்லாம் பழைய கத. உள்ள வாங்கம்மா, போட்டோவுக்கு நில்லுங்க."

"எனக்குப் பழைய கத இல்லீங்க சார். ஊரு இன்னும் அதத்தான் பேசுது" என்றார் அக்கா.

"நேரமாச்சு, நல்ல நேரம் முடியப் போவுது" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். தலைவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். ஒரு வார்த்தை. நாக்கு தேய்ந்தா போயிருக்கும்? போட்டோவுக்கு நிற்கச் சொன்ன நேரத்தில் சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் தலை நிமிர்ந்து வேலைக்குப் போயிருப்பார்.

"நீங்க உள்ள போங்கம்மா. உங்க கொழா ஆச்சே" என்றார் அக்கா.

"கொழா எரியட்டும். எரியிறதுக்குத்தான செஞ்சோம்" என்றேன். என் உலோகம் முதன்முதலாக ஒழுங்காகச் சிவக்கப்போவதை நான் பார்க்கவில்லை. உள்ளே கைதட்டல் கேட்டது. அக்கா சாலையைக் கடந்து பஸ்ஸுக்கு நின்றார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். என் வீடு காரைக்கால் பக்கம்; வந்ததோ அம்பகரத்தூர் பஸ். இரண்டு பேரும் ஏறினோம்.

பஸ்ஸில் கூட்டம் இருந்தது. பெரும்பாலும் அவர் ஊர்க்காரர்கள். பின்பக்கம் இடம் கிடைத்து உட்கார்ந்தோம். முன் சீட்டில் பூக்கூடையோடு இருந்த அம்மா ஒருத்தர் திரும்பி அக்காவைப் பார்த்தார். "மில்லுல புதுக் கொழா போடுறாங்களாமே? இதுலயாச்சும் உப்பக் கொட்டாம இரும்மா" என்றார். கெட்ட எண்ணம் இல்லை. நல்ல புத்தி சொல்வதாகத்தான் நினைத்திருப்பார். அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்குள் இத்தனை மாதம் அடங்கிக் கிடந்ததெல்லாம் ஒரேயடியாக வெளியே வந்தது. "ஏங்க, அவங்க போட்ட உப்பால ஒண்ணும் ஆகல. அந்தக் கொழாய காச்சினது நான். அதுல சேக்க வேண்டியதச் சேக்காம, அவசரத்துல குறையாச் செஞ்சு கொடுத்தது நாங்க. ஓட்ட விழுந்தது அதனால. எங்க பெரிய சார் அத மறைக்கத்தான் இவங்க மேல பழியப் போட்டாரு. உப்பு விழுந்த தகடு இன்னும் புதுசு மாதிரி இருக்கு, வேணும்னா மில்லுல போயிப் பாருங்க" என்றேன். குரல் எனக்கே அன்னியமாக இருந்தது. பூக்கூடை அம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்.

அக்கா ஜன்னலிலிருந்து திரும்பினார். கண் கலங்கியிருந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, பஸ்ஸின் முன்பக்கத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"முன்னாடி உக்காந்திருக்கிறவங்களுக்குக் கேக்கல. எந்திரிச்சு நின்னு சொல்லுங்கம்மா" என்றார்.

நான் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, முதலிலிருந்து சொன்னேன்.